காத்திருந்த வருடங்களில் இருந்தது அன்புதானா?

வாசகியின் கடிதம்

வணக்கம் மேடம்,

நான் பரமக்குடிப் பக்கம். வயது முப்பத்தெட்டு. மகள் ப்ளஸ் ஒன், மகன் ஏழாவது படிக்கிறார்கள். என் பிரச்சினை இதுதான் என்று ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீளமாகப் போனாலும் முழுசாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தார். கல்யாணம் ஆன நாலாம் மாதமே கிளம்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாத லீவு, அவ்வளவுதான் நாங்கள் சேர்ந்து இருந்தது. மகள் பிறந்தபோது அவர் இல்லை, மகன் பிறந்தபோதும் இல்லை. மாமனார் இறந்ததற்கு டிக்கெட் கிடைக்காமல் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் கார்டு போட்டு ஃபோன் பேசுவார், காசு ஓடுகிறதே என்று ரெண்டு பேருமே அவசர அவசரமாகப் பேசுவோம், அப்புறம் ஐஎம்ஓ வந்தது, முகத்தைப் பார்த்தே பேசினோம், ஆனால் பேசியதெல்லாம் ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன், மாடி எடுக்கிற செலவு, அத்தைக்குச் சுகர் மாத்திரை வாங்கியாச்சா, இதுதான். நான் குறை சொல்லவில்லை மேடம். மாதம் தவறாமல் பணம் வந்தது. குடிக்க மாட்டார், என்மேல் கை ஓங்கியதே கிடையாது. நல்ல மனுஷன்.

போன வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், ஒரேயடியாக வந்துவிட்டார். "இனிமே உனக்கென்னம்மா" என்று தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வந்ததிலிருந்து எனக்கு அவர் விருந்தாளியாகத்தான் தெரிகிறார். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், துணியைத் தானே துவைப்பார். பீரோவில் ஒரு தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தேன், அதில் எதுவும் வைக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் இருக்கிற சூட்கேஸிலிருந்துதான் இன்னும் சட்டை எடுத்துப் போடுகிறார். யாராவது ஃபோனில் விசாரித்தால் "ஊருக்கு வந்திருக்கேன்" என்கிறார். பிள்ளைகள் எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள், அவர் முகம் சுருங்கிப் போகும். மகன் எதிர்த்துப் பேசுகிறான். கரண்ட் பில், ரேஷன், பேங்க் என்று இத்தனை வருஷம் நான் ஒருத்தியாகப் பார்த்த காரியத்தை "நான் பார்த்துக்கிறேன் விடு" என்று வாங்கிக்கொள்கிறார். உதவிக்குத்தான் செய்கிறார், தெரிகிறது, ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுத்தோம். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டிருந்தோம், வாடகைக் காரில் நானும் அவரும் அத்தையும். அத்தைக்குத் திருவெற்றியூர் பாகம்பிரியாளுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. அதனால் மறுநாள் கடற்கரை ரோட்டிலேயே தேவிபட்டினம் நவபாஷாணம், உப்பூர் வெயிலுகந்த பிள்ளையார் எல்லாம் பார்த்துக்கொண்டு திருவெற்றியூர் போய் நேர்ச்சையையும் முடித்தோம். திரும்பும்போது டிரைவர் தம்பி, "ஓரியூர் பக்கந்தான்க்கா, எனக்கு ஒரு வேண்டுதல், ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துடுறேன்" என்றார். அத்தைக்கு முகம் கொடுக்கவில்லை, ஆனாலும் சரியென்று போனோம்.

நான் அதுவரை சர்ச்சுக்குள் போனதே இல்லை. அங்கே போனால் மொட்டை போடுகிறார்கள், கிடா வெட்டி நேர்ச்சை செய்கிறார்கள், நம்ம சனமும் நிறைய இருந்தது. மண் சிவப்பாக இருந்தது, அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு மடியிலும் முடிந்துகொண்டார்கள். அருளானந்தர் என்கிற சாமியாரைச் சேதுபதி காலத்தில் அங்கே வெட்டினார்கள், அந்த ரத்தத்தில்தான் மண் சிவந்தது என்று டிரைவர் தம்பி சொன்னார். ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். தடியத்தேவர் என்று ஒருத்தர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாராம், அவருக்குப் பல மனைவிகள், ஒரு மனைவிதான் இருக்கலாம் என்று சாமியார் சொன்னதால் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட்டாராம், அதில் கடைசி மனைவி சேதுபதிக்குச் சொந்தக்காரப் பெண், அவள் போய் முறையிட்டதில்தான் எல்லாம் நடந்ததாம். "சரி தம்பி, விலக்கின பொண்ணுங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டேன். "அது தெரியலையேக்கா" என்றார்.

உள்ளே போனேன். ஏதோ கல்யாணத்துக்குக் கட்டிய துணி கழற்றாமல் தொங்கியது, அதில் "அன்பு அனைத்தையும் பொறுத்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தது. அதைப் படித்தேன், அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை. சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், என்னால் நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் ஜெபமாலையோடு ஒரு வயசான அம்மா இருந்தது, கடற்கரை ஊர்க்காரம்மா போல, ஒன்றுமே கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டது. மாமனார் சாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை மேடம்.

அவர் வாசலில் நின்றார். என் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. நான் வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டி "போவோமா" என்றார். ஏன் அழுதாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

அத்தை என்னவென்றால், வேற சாமி இடத்துக்குப் போனதில் ஏதோ பிடித்துவிட்டது, ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தங்க வைக்கணும் என்கிறார். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் திரும்ப ஒரு தடவை அங்கே போய் உட்கார வேண்டும் என்று இருக்கிறது. மதம் மாறுகிற நினைப்பெல்லாம் இல்லை, அந்தத் துணியில் எழுதியிருந்ததுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேனே, அப்படியானால் எனக்கு இருந்தது அன்பா? இல்லை, போக இடமில்லாமல் கடமைக்கு இருந்தேனா? அன்பு என்றால் இப்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏன் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை?

இதற்கு நடுவில் அவர் தம்பி கத்தாரில் ஒரு விசா இருக்கிறது என்கிறார். "என்ன சொல்ற, போகட்டுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை மேடம்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், பரமக்குடி


ஆலோசகரின் பதில்

அன்புத் தோழிக்கு,

முதலில் உங்கள் அத்தையின் பயத்தை முடித்துவிடுவோம். உங்களை எதுவும் பிடிக்கவில்லை. வருஷக்கணக்காக அழ நேரமில்லாத ஒருத்தி, அழுதால் யாரும் கணக்குக் கேட்காத ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தாள், அழுகை வந்துவிட்டது. வீட்டில் அழுதால் பிள்ளைகள் பயப்படும், அம்மா வீட்டில் அழுதால் மாப்பிள்ளைமேல் குறை வரும், நம்ம கோயிலில் அழுதால் தெரிந்தவர்கள் நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். ஓரியூரில் உங்களை யாருக்கும் தெரியாது. அங்கே உங்கள் உடம்பு காவலை இறக்கி வைத்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதியிருந்தீர்களே, என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதல் நாளில் செய்ய நினைப்பதும் அதைத்தான்.

ஏர்வாடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரத் தோன்றினால் தாராளமாகப் போய் வாருங்கள், நம்ம மாவட்டத்தில் எல்லா மதத்துக்காரர்களும் போகிற தர்கா அது. தங்க வைப்பது என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்து போனார்கள். தர்கா வளாகத்தில் நடந்ததல்ல அது, ஆனால் அங்கே குணமாகும் என்று நம்பித்தான் வீட்டார் அவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. உங்களுக்கு நோய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரு பெண் அழுததும் நம் வீடுகளில் அடுத்த பேச்சு எங்கே போய் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஓரியூர். அந்த ஊருக்கு நானும் போயிருக்கிறேன். டிரைவர் தம்பி சொன்ன கதை வரலாற்றில் உள்ளதுதான். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, மதுரை மிஷனுக்கு வந்து, இங்கே உள்ள துறவிகளைப்போலவே உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு வாழ்ந்தவர் ஜான் டி பிரிட்டோ. நம் மக்களுக்கு அருளானந்தர். கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 1947-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். தடியத்தேவர் தன் மனைவிமாரை விலக்கியதும், அதில் இளையவள் சேதுபதியிடம் போய் முறையிட்டதும் அந்த வரலாற்றில் வருகிறவைதான்.

இந்தக் கதையை நான் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சாமியாரின் துணிச்சலைச் சொல்வார்கள், சேதுபதியின் கோபத்தைச் சொல்வார்கள், முறையிட்ட பெண்ணைக் கோள் சொன்னவளாக ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவார்கள். விலக்கிய பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டது நீங்கள்தான். அருளானந்தரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று ஒரு பாளையத்துத் தலைவரிடம் அந்தக் காலத்தில் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், அது பெண்களுக்கும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுத்தது? ஒரு நாள் காலையில் மனைவி, சாயங்காலம் மனைவி இல்லை, நீ செய்த தப்பு ஒன்றுமில்லை, ஆனாலும் போ. இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏன் உறுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். வேறு யாரோ எடுத்த ஒரு நல்ல முடிவுக்காகத் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுத்த பெண்கள் அவர்கள். கல்யாணமான நாலாம் மாதம் உங்கள் வீட்டில் எடுத்ததும் நல்ல முடிவுதான். கடன் அடைந்தது, மாடி எழும்பியது, பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்களை யாரும் கேட்டார்களா?

அந்தத் துணிக்கு முன்னால் உட்காரும்போதே உங்களுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது என்று நினைக்கிறேன். அந்த வாசகம் கடைசித் துளி.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்று ஒரு ஆய்வாளர், 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு நிறையப் பேசினார். ஆள் இறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, அதனால் அந்தப் பெண்களால் அழுது முடிக்கவும் முடியவில்லை. இதற்குத் தெளிவில்லாத இழப்பு என்று அவர் பெயர் வைத்தார். அதில் ரெண்டு வகை சொல்கிறார். ஆள் இங்கே இல்லை, ஆனால் மனசு முழுக்க அவரே இருப்பது ஒன்று. ஆள் கண்முன்னே இருக்கிறார், மனசு மட்டும் இங்கே இல்லை என்பது இன்னொன்று. உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு, பணம் அனுப்பிக்கொண்டு, ஃபோனில் பேசிக்கொண்டு இருந்தவர்தான், ஆனாலும் முதல் வகை இழப்பில்தான் நீங்கள் இத்தனை வருஷம் வாழ்ந்தீர்கள். இப்போது ரெண்டாவது வகைக்கு வந்திருக்கிறீர்கள். இதற்கு ஊரில் ஒரு சடங்கு கிடையாது. செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருவார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்ணைப் பார்த்து "உனக்கென்னம்மா" என்பார்கள். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று நம்ம கடற்கரை முழுக்க இப்படிக் காத்திருக்கிற பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், ஒருத்தியும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் பணம் வருகிறதே, அப்புறம் என்ன பேசுவது.

சரி, துணியில் இருந்த வாசகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் உங்களை நீங்களே விசாரித்துக்கொண்டு இருக்கிறீர்கள். அது பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 13-ஆம் அதிகாரம். கல்யாண வீடுகளில் மாட்டுவதால் புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்னது என்று தோன்றும். அப்படி இல்லை. கோஷ்டி பிரிந்து, நான் பெரியவன் நீ சின்னவன் என்று சண்டை போட்டுக்கொண்டு இருந்த ஒரு சபைக்கு எழுதியது. எல்லோரையும் பார்த்துச் சொன்னதே தவிர, ஒருத்தி மட்டும் பொறுத்துக்கொள்ள, மற்றவர்கள் அதை அனுபவிக்கலாம் என்று சொன்னதல்ல. அதே இடத்தில், நீங்கள் படித்த வரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, அன்பு தன்னலம் நாடாது, எரிச்சலுக்கு இடம் கொடாது, உண்மையில் மகிழும் என்றெல்லாம் வருகிறது. அது எப்போதும் எனக்கு முக்கியமாகப் படும் இடம். உண்மையை மறைத்துவிட்டுப் பொறுத்துக்கொண்டே இருப்பதை அந்தக் கடிதம் அன்பு என்று சொல்லவில்லை. ஆத்திரமாக வருகிறது, இத்தனை வருஷம் போய்விட்டது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நீங்கள் எனக்கு எழுதினீர்களே, அந்த உண்மை இன்னும் உங்கள் வீட்டுக்குள் போகவில்லை.

அன்பா கடமையா என்று கேட்டீர்கள். நான் நேராகச் சொல்கிறேன், அதற்கு இப்போது பதில் கிடையாது, தேடவும் வேண்டாம். நாலு மாதம் வாழ்ந்த ஒரு இளைஞனை நினைத்துக்கொண்டு நீங்கள் இருந்தீர்கள், அப்புறம் ஃபோனில் வந்த ஒரு குரலோடு குடும்பம் நடத்தினீர்கள். இப்போது உங்கள் வீட்டில் இருப்பவர் அந்த இளைஞனும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. பாலைவன ஊரில் வருஷக்கணக்காக வேலை பார்த்து, வேலை போய்த் திரும்பி வந்திருக்கிற நடுவயது மனுஷன். அவரை உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. அவர் விட்டுப் போனது புதுப் பெண்ணை. இப்போது இருப்பது தனியாளாக நின்று வீடு கட்டிய ஒருத்தி. தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றாமல் இருப்பது உங்கள் மனசில் உள்ள கோளாறு அல்ல. படுக்கையறையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், மனசு வராத இடத்தில் உடம்பை அவசரப்படுத்த வேண்டாம், கட்டின கடனுக்கு என்று இன்னொரு கடமையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி நீங்கள் எழுதிய சின்ன விஷயங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு ரூமில் பல பேர் தங்கி, ஷிஃப்டுக்கு முன்னால் குளித்துச் சமைத்து, தன் தட்டைத் தானே கழுவி, தன் பொருளைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே பூட்டி வைத்து வாழ்ந்த மனுஷன் அந்தப் பழக்கத்தை விமானத்தில் விட்டுவிட்டு வர முடியாது. அவர் இன்னும் கேம்ப்பில்தான் இருக்கிறார். "ஊருக்கு வந்திருக்கேன்" என்கிறவருக்கு, இந்த வீட்டில் தன் இடம் எது என்று தெரியவில்லை. கரண்ட் பில்லைப் பிடுங்கிக்கொள்வதும் அதற்காகத்தான் இருக்கும், ஏதாவது ஒரு வேலை தன் கையில் இருந்தால்தான் தானும் இந்த வீட்டு ஆள் என்று தோன்றும். உங்களுக்கு வருகிற ஆத்திரமும் நியாயம்தான், அவர் வாங்கிக்கொள்வது வெறும் பில் அல்ல, இத்தனை வருஷம் உங்களை நிமிர்த்தி வைத்திருந்த பொறுப்பு. எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேங்க் கணக்கு உங்களிடமே இருக்கட்டும், வேண்டுமானால் மாதம் ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ரேஷனையும் கரண்ட்டையும் அவர் பார்க்கட்டும்.

அப்புறம் அந்தச் செருப்பு. ராமநாதபுரம் சீமையில் ஒரு ஆம்பிளை, தன் அம்மா பார்த்துக்கொண்டு நிற்க, பெண்டாட்டியின் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அத்தனை பேர் நடமாடும் வாசலில் நின்றிருக்கிறார். அவருக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை வருஷக்கணக்காகக் கவனித்துச் சொன்னது, குடும்பத்தில் நெருக்கம் பெரிய பேச்சுகளில் வளர்வதைவிட, ஒருவர் நீட்டுகிற சின்னச் சின்ன அழைப்புகளுக்கு இன்னொருவர் திரும்பிப் பார்ப்பதில்தான் அதிகம் வளர்கிறது என்பது. அந்தத் தண்ணீர் பாட்டில் அப்படி ஒரு அழைப்பு. இதைச் சொல்வதால், அவர் கேட்காமல் இருந்ததை மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது உங்களுக்கு வலித்தது. அதை அவரிடமே சொல்லுங்கள், "ஏன் கேக்கலை" என்று ஆரம்பிக்காமல், "அன்னைக்கு நீங்க என்னன்னு கேட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்துக்கு அவர் விளக்கம் சொல்வார், ரெண்டாவதுக்கு அநேகமாக உங்களைப் பார்ப்பார்.

இந்தப் பேச்சை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தை காது, பிள்ளைகள் காது. சாயங்காலம் ரெண்டு பேரும் எங்காவது நடந்துவிட்டு வாருங்கள், எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட ஒரே பக்கம் பார்த்து நடந்துகொண்டே பேசுவது நம் ஆண்களுக்குச் சுலபமாக வருகிறது, இதை என் அனுபவத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம், ஃபீஸ், கடன் பற்றி அந்த நேரத்தில் பேச வேண்டாம் என்று முன்னாடியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்த செய்தி வந்த ராத்திரி எங்கே இருந்தீங்க, யார் கூட இருந்தாங்க, என்ன பண்ணினீங்க என்று அவரிடம் கேளுங்கள். இதுவரை யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்கள் மகள் பிறந்த நாளை நீங்கள் சொல்லுங்கள். வலி எடுத்தபோது யார் இருந்தார்கள், ஃபோன் எடுத்ததும் என்ன பேசினீர்கள், என்ன பேச நினைத்துப் பேசாமல் விட்டீர்கள், எல்லாவற்றையும். இழந்த வருஷங்களை முதலில் ரெண்டு பேரும் சேர்ந்து துக்கப்பட வேண்டும். நீங்கள் ஓரியூரில் ஒருத்தியாக உட்கார்ந்து செய்தது அதைத்தான், அவரும் தனியாக அந்த நாலு மணி இருட்டில் அதைத்தான் செய்துகொண்டு இருக்கிறாரோ என்னவோ. அன்பு இருக்கிறதா இல்லையா என்பது அதற்கப்புறம் தெரிய வரும். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அப்போது நீங்கள் சொல்கிற பதில் தெரிந்த ஒரு மனுஷனைப் பற்றியதாக இருக்கும்.

ஓரியூருக்குத் திரும்பப் போக வேண்டும் என்றால் போங்கள். ஒரு இடத்தில் போய் அமைதியாக உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம், மதம் மாறவும் வேண்டாம், அங்கே வருகிற பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு வருகிறவர்கள்தான். அத்தையிடம் சண்டை வேண்டாம், "அத்தை, மாமா ஞாபகம் வந்துச்சு, அழுதேன்" என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை, அன்றைக்கு முந்தின நாள்தான் அவருக்குத் தர்ப்பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தினமும் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறது, இதில் ஏதாவது ரெண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல, டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மட்டும் ஒரு தடவை தோன்றினாலே போதும், ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் பேசலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். அவருக்கும் இது பொருந்தும். வேலை போய் வந்த ஒரு மனுஷன் மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது, வெறும் ஷிஃப்டுப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

கத்தார் விசாவுக்கு இப்போதே போங்கள் என்றும் சொல்லாதீர்கள், போகாதீர்கள் என்றும் சொல்லாதீர்கள். அவர் தம்பிக்கு ஒரு மாதம் கழித்துச் சொல்கிறோம் என்று சொல்லச் சொல்லுங்கள், அதற்குள் அந்த விசா வேறு யாருக்காவது போனால் போகட்டும், இன்னொன்று வரும். "போகட்டுமா" என்று அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? முதல் தடவை போனபோது அப்படிக் கேட்டாரா, இல்லை பெரியவர்கள் முடிவு பண்ணி உங்களுக்குத் தேதி மட்டும் வந்து சேர்ந்ததா? அவர் போக நினைப்பது பணத்துக்காகவா, இல்லை இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று நினைத்தா என்பதை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம்தான் என்றால் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள், உள்ளூரிலேயே எலக்ட்ரீஷியன் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். இடமில்லை என்பதுதான் காரணம் என்றால், கத்தார் போனாலும் திரும்பி வரும்போது அதே சூட்கேஸ் அதே கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மகன் எதிர்த்துப் பேசுவதைப் பற்றி அப்போது தனியாகப் பேசுவோம், அதை ஒரு வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை.